சத்திரசிகிச்சை வரலாற்றிற் சில அரிய நிகழ்ச்சிகள்

சத்திரசிகிச்சை என்னுஞ் சொல்லைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம், வழிப்போக்கர் தங்கும் சத்திரத்துக்கும் வைத்தியத்துக்கும் யாது தொடர்பென மாணவருள் ஒருவராவது வினவாதிருப்பதில்லை. ஆயுதம் எனப் பொருள்படும் சஸ்திரம் என்னும் வடசொல்லே தமிழிலே சத்திரமாயிற்று. எனவே சத்திரசிகிச்சை என்பது ஆயுதத்தாற் செய்யப்படும் வைத்தியம் என்க. இப்பொருளைச் சொன்னவுடன் வகுப்பிலே சிரிப்பு அடங்கிவிடும். ஒருவர் உடம்பை மற்றொருவர் கத்தியினாற் கிழிப்பது பிற விடங்களிலெல்லாம் குற்றம். இவ்வோரிடத்தில் மாத்திரம் அது தொண்டு. குற்றத்தைத் தொண்டாக்குவது யாது? வைத்தியருடைய கல்வி என்று மாணவர் விடை கூறுவர். அவ்விடை பிழையன்று, ஆயினும் முழு விடையும் அன்று.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் என்பன அந்நான்கு. இவ்வைப்புமுறை நோக்கத்தக்கது. வைத்தியனுக்கு முன்னே நோயாளியே வைக்கப்பட்டான். உரைகண்ட பரிமேலழகர் நோயாளிக்குரிய பண்புகளை எண்ணுமிடத்து, சிகிச்சையினால் வருந் துன்பத்தைப் பொறுத்தலையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார். ஆனால் வைத்திய வரலாறு எழுதுவோர் இவ்வொழுங்கைப் பெரும்பாலும் கைக்கொள்வதில்லை. இரண்டாமவருக்குச் சிலை எடுப்பர். முதலாமவரையும் நான்காமவரையும் அடிக்குறிப்பிலே விட்டுவிடுவர். நம் கல்லூரியின் பழைய மாணவருள் வைத்தியர் பலர் உளர். இன்று உயர்தர வகுப்பில் உயிரியல் படிப்போருள் அத்தொழிலையே கனவு காண்போரும் பலர். அவர்கள் கையில் இம்மலர் கிடைக்கும் என்னும் எண்ணத்தால், சத்திரசிகிச்சை வரலாற்றிலே வியக்கத்தக்க சில நிகழ்ச்சிகளை, மேசையின் மேலே கிடந்தவரிடத்திருந்தும் அருகே நின்றவரிடத்திருந்தும் நோக்க விழைகின்றோம்.

1809ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவிலே கென்ரக்கி மாநிலத்தின் காட்டுப்புறக் குடியிருப்பொன்றில் வாழ்ந்த ஜேன் ரொட் குரோபோட் என்னும் மாதின் வயிறு வீங்கிக்கொண்டே சென்றது. வயது நாற்பதைக் கடந்திருந்தும், அவர் கருவுற்றிருக்கின்றார் என்றும், காலங்கடந்தும் பிள்ளை பிறக்கவில்லை என்றும் அயலிலிருந்த வைத்தியர் கருதினர். டான்வில் என்னும் ஊரிலிருந்து அழைக்கப்பட்ட எபிரயிம் மக்டவல் வந்து சோதித்து, அது கருவன்று, சூலகத்தில் வளர்ந்த பெருங்கட்டி என்று கண்டார். அக்காலத்தில் உயிருள்ளவரின் வயிற்றைத் திறத்தல் கொலைக்குச் சமமாகவே மதிக்கப்பட்டது. திறந்தவர் பிழைத்ததில்லை என்பது பெரிய வைத்தியர்களின் துணிபு. மக்டவல் இதனை மறைக்கவில்லை. இத்தகைய சிகிச்சை இதற்கு முன் வெற்றியாக நடந்ததில்லை, இறக்கவும் ஆயத்தமாயின் தமது ஊருக்கு வரலாம், அங்கே முயன்று பார்க்கலாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டுச் சென்றார்.

அவ்வம்மையார் வந்தார். ஏறக்குறைய அறுபது மைல் வழி, கடுங்குளிர், ஏறிவந்தது குதிரை. சேணத்தின் முன்மேட்டிலே கட்டியைத் தாங்கிக்கொண்டு வந்தமையால் வயிற்றின் தோல் கன்றிப் போயிருந்தது என மக்டவல் பின்னர் எழுதினார். இச்சிறு குறிப்பைப் படிக்கும்போதெல்லாம் நாம் சற்று நின்றுவிடுகின்றோம். சத்திரசிகிச்சை கத்தி பட்டவுடன் தொடங்குவதன்று. அக்குதிரையின் முதலடியிலேயே அது தொடங்கிவிட்டது.

டிசம்பர் 25ஆம் நாள், மக்டவலின் வீட்டிலே, ஒரு சாதாரண மேசையிற் சிகிச்சை நடந்தது. மயக்க மருந்து அங்கே அப்போது வழக்கில் இல்லை. கிருமி என்னும் எண்ணமும் இல்லை. ஒன்பது அங்குல நீளத்துக்கு வயிறு கீறப்பட்டதும் குடல்கள் வெளியே சரிந்து மேசையில் விழுந்தன. சிகிச்சை முடியும்வரையில் அவற்றை உள்ளே வைக்க இயலவில்லை. கட்டியை ஒருங்கே எடுக்க முடியாதபடி அது பெரிதாயிருந்தமையின், முதலில் அதனைத் திறந்து உள்ளிருந்த பசைப்பொருளை வெளியேற்றிப் பின்னர் பையை அறுத்தெடுத்தனர். இரண்டும் சேர்ந்து இருபத்திரண்டரை இறாத்தல், அஃதாவது பத்துக் கிலோகிராமுக்கு மேல். எல்லாம் 25 நிமிடத்தில் முடிந்தது. அந்நேரம் முழுவதும் அம்மையார் தம் சமயப் பாடல்களைச் சொல்லிக்கொண்டு கிடந்தார் என்பர். ஐந்தாம் நாள் வைத்தியர் சென்று பார்த்தபோது அவர் எழுந்து நின்று தம் படுக்கையைத் தாமே சரிசெய்து கொண்டிருந்தாராம். இருபத்தைந்து நாள் கழிந்து வீடு திரும்பியவர் 1842 வரை, எழுபத்தெட்டு வயதளவும் வாழ்ந்தார்.

மக்டவல் இதனை 1817இலேதான் வெளியிட்டார். லண்டனில் வைத்திய இதழ் நடத்திய ஒருவர் இதனை நம்பாது எள்ளி எழுதிப் பின்னர் தம் பிழைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். வயிற்றைத் திறந்து செய்யும் சிகிச்சைகளுக்கெல்லாம் முன்னோடி என மக்டவல் இன்று போற்றப்படுகின்றார். அப்புகழ் அவருக்குத் தக்கதே. ஆயினும் அவருடைய அறிக்கையைத் தொடர்ந்து படிப்போர் ஒரு முள்ளிலே கால் வைத்தே தீரவேண்டும். குரோபோட் அம்மையாருக்குப் பின் அவர் அவ்வறிக்கையிற் குறித்த மற்றைய இருவரும் கறுப்பின மாதர். அடிமை முறை நிலவிய மாநிலம் அது. குதிரையேறி அறுபது மைல் தாமே வந்தவர் ஒருவர். பிறர் உடைமையாக எண்ணப்பட்ட மாதருக்கு வரவோ மறுக்கவோ எவ்வளவு இடம் இருந்திருக்கும்?

இவ்வினா இன்னுங் கூர்மையாக எழுமிடம் அலபாமா மாநிலத்து மொன்ற்கொமறி நகர். அங்கே 1845 தொடக்கம் 1849 வரையில் மரியன் சிம்ஸ் என்னும் வைத்தியர், பிரசவ வேதனை நெடுநாள் நீடித்தமையாற் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையே துவாரம் ஏற்பட்டு ஓயாது சிறுநீர் கசியப்பெற்ற மாதர்க்குச் சிகிச்சை காண முயன்றார். நோய் கொடிது, அது கண்டவர் உறவினராலும் ஒதுக்கப்படுவர். சிம்ஸ் கண்ட வழி பிற்காலத்தில் எண்ணிறந்த பெண்களுக்கு வாழ்வளித்தது என்பதும் மெய். ஆனால் அவ்வழியைக் காண அவர் மீட்டும் மீட்டும் அறுத்துத் தைத்தவர்கள் அடிமைப் பெண்கள். அனார்க்கா, பெற்சி, லூசி என மூவர் பெயர் மாத்திரம் நமக்கு எட்டியுள்ளன. அனார்க்கா என்னும் இளம் பெண்ணுக்கு முப்பது முறை அச்சிகிச்சை செய்யப்பட்டது. அத்தனையும் மயக்க மருந்தின்றி. இடையிலே 1846இல் ஈதர் மயக்க மருந்தாக வழக்குக்கு வந்த பின்னரும் சிம்ஸ் அதனை அப்பெண்களுக்குக் கொடுத்தாரல்லர். நியூயோர்க் நகரப் பூங்காவிலே நெடுங்காலம் நின்ற அவருடைய சிலை 2018ஆம் ஆண்டு ஏப்பிரலில் அகற்றப்பட்டது. சிலையை அகற்றியது சரியோ பிழையோ என வழக்காடுவது எமது நோக்கமன்று. அப்பெண்கள் பொறுத்தனர் என எழுதுவதற்கே நமக்குக் கை கூசுகின்றது; பொறுத்தல் என்னும் சொல் மறுக்கக்கூடியவருக்கே பொருந்தும்.

நாமும் சில ஆண்டுகளுக்கு முன் குடலிறக்கத்தின் பொருட்டு அம்மேசையிற் படுத்தெழுந்தோம். முந்திய நாள் தாதி ஒருவர் ஒரு தாளைக் கொணர்ந்து கையொப்பம் வேண்டினார். வாசியாமலே ஒப்பமிட்டோம்; மாணவர் பலர் வினாத்தாளை வாசியாமல் விடை எழுதுவர் என்று கடிந்துகொள்ளும் நாமே அவ்வாறு செய்தோம். அனார்க்காவின் கதையை அறிந்த பின்னரே அச்சிறு தாளின் விலை நமக்குப் புலனாயிற்று.

ஈதரைக் குறிப்பிட்டோமாதலின் நம் நாட்டோடு தொடர்புடைய ஒன்றையும் இங்கே சொல்லிவிடலாம். பொஸ்ரன் நகரிலே மோட்டன் என்பவர் ஈதரின் ஆற்றலைப் பலர் காணக் காட்டியது 1846 ஒக்ரோபர் 16ஆம் நாள். அதற்கு மறு ஆண்டிலே யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டவர் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். சத்திர வைத்தியத்தை நம் மொழியிலேயே கற்பிக்கலாம் எனக் கண்டு, மாணவரைத் தமிழிலே பயிற்றுவித்து, ஆங்கில நூல்களையும் தமிழாக்குவித்தார். ‘இரண வைத்தியம்’ என்னும் பெரு நூல் 1867இல் வெளிவந்தது. கத்தியைப் பற்றியும் காயத்தைப் பற்றியும் நோயாளிக்கு விளங்கும் மொழியிலே வைத்தியர் பேசுவது வெறும் மொழிப்பற்றின் விடயமன்று. ஒப்பம் என்பது விளக்கத்தின் பின்னரன்றோ வரவேண்டும்?

வைத்தியர் பெயரே மறைந்து நோயாளி பெயர் நிலைத்த அரிய நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. 1792இல் திப்பு சுல்தானோடு நிகழ்ந்த போரிலே, ஆங்கிலப் படைக்கு எருது வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்னும் மகாராட்டிரர் சிறைப்பட்டு மூக்கும் ஒரு கையும் அரியப்பட்டார். ஓராண்டளவு மூக்கின்றித் திரிந்த அவருக்குப் பூனா நகருக்கு அண்மையிலே ஒருவர் புதிய மூக்கு அமைத்துக் கொடுத்தார். அவர் செங்கல் செய்யும் குலத்தினர் என்பது தெரியும், பெயர் தெரியாது. பம்பாய் மாகாணத்து ஆங்கில வைத்தியர் இருவர் உடனிருந்து கண்டனர். கண்ட செய்தி 1794 ஒக்ரோபரில் லண்டன் சஞ்சிகை ஒன்றிலே படத்தோடு வெளிவந்தது.

செய்முறையைப் பாருங்கள். மெல்லிய மெழுகுத் தகட்டை அறுபட்ட இடத்திற் பொருத்தி மூக்கின் வடிவாக்கினார். பின் அதனைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிக் கோடிட்டு, அக்கோட்டின்வழியே நெற்றித்தோலைச் சவரக்கத்தியால் உரித்தார். கண்களுக்கிடையே ஒரு சிறு துண்டை மட்டும் அறுக்காது விட்டார். தோலைத் திருப்பிக் கீழிறக்கி மூக்கின் இடத்தில் ஒட்டும்வரை இரத்தம் ஓடுதற்கு அதுவே வழி. தையல் இல்லை. காசுக்கட்டியை நீரிற் குழைத்துச் சீலைத் துண்டுகளிற் பூசி ஒட்டினார். ஐந்தாறு நாள் நோயாளி மல்லாந்து கிடந்தார். பத்தாம் நாள் துவாரங்களிலே மென்சீலை செருகப்பட்டது. இருபத்தைந்தாம் நாளளவில், ஒட்டு நன்கு பிடித்தபின், கண்ணிடைத் துண்டு அறுக்கப்பட்டது. தொங்கும் தோலுக்கு இரத்தம் வேண்டும் என்பதையும், எத்தனை நாளில் அது புதிய இடத்தில் வேரூன்றும் என்பதையும் அக்குயவர் எந்தக் கல்லூரியிலுங் கற்றாரல்லர். கன்னத்துத் தோலைக் கொண்டு மூக்கு அமைக்கும் முறை சுசுருத சங்கிதையிலே கூறப்பட்டுள்ளது. நெற்றித்தோல் முறை தந்தையிடமிருந்து மகனுக்கென வழிவழியாக வந்த கைத்திறன்.

லண்டனிலே ஜோசப் காப்பியு என்னும் வைத்தியர் இச்செய்தியைப் படித்துப் பிணங்களிற் பயின்று, 1814 ஒக்ரோபர் 23ஆம் நாள் படைத்தலைவர் ஒருவருக்கு இவ்வாறே மூக்கமைத்தார். கட்டவிழ்த்தபோது உடனின்ற நண்பர், மூக்கு இருக்கின்றது என்று வியந்து கூவினாராம். ஐரோப்பாவிலே இம்முறை பரவியது. இன்றைய வைத்திய நூல்களும் இதனை ‘இந்திய முறை’ என்றே சுட்டுகின்றன. காப்பியுவின் பெயர் உண்டு. கவாஸ்ஜியின் பெயரும் உண்டு. பூனாப் பெரியவர் மாத்திரம் ஒரு குலப்பெயருக்குள் ஒளிந்திருக்கின்றார்.

இனி, நோயாளியும் வைத்தியரும் ஒருவரேயாய நிகழ்ச்சி. இதனை வகுப்பிலே சொன்னால் மாணவர் முதலில் நம்புவதில்லை.

லெயோனிட் றொகோசொவ் லெனின்கிராட் நகரத்து இளம் சத்திரவைத்தியர், வயது 27. சோவியத் ஆய்வுக் குழுவினருடன் அந்தாட்டிக்காவுக்குச் சென்று, 1961 பெப்ரவரியில் திறக்கப்பட்ட நோவோலாசறெவ்ஸ்கயா நிலையத்திலே குளிர்காலத்தைக் கழிக்கத் தங்கினார். நிலையத்திலிருந்தோர் சிலரே, அவர்களுள் வைத்தியர் இவர் ஒருவரே. ஏப்பிரல் 29ஆம் நாள் காலை சோர்வும் குமட்டலும் காய்ச்சலும் கண்டன. பின்னர் வலப்பக்க அடிவயிற்றில் வலி. குடல்வளரி அழற்சி என்பதை அறிய அவருக்கு வேறொரு வைத்தியர் வேண்டியிருக்கவில்லை. அடுத்த சோவியத் நிலையமாகிய மிர்னி ஆயிரத்து அறுநூறு கிலோமீற்றருக்கு அப்பால், விமானம் இல்லை, பனிப்புயல் வேறு. கப்பல் வருவது மறு ஆண்டிலேதான். மருந்துகள் பயன்தரவில்லை. குடல்வளரி வெடித்தால் மரணம். தம்மைத் தாமே அறுத்தல் ஏறக்குறைய இயலாத காரியம், ஆயினும் கைகட்டி இருக்கவும் இயலாது என்று அவர் தம் நாட்குறிப்பில் எழுதினார்.

ஏப்பிரல் 30க்கும் மே 1க்கும் இடைப்பட்ட இரவிலே வேலை தொடங்கியது. காலநிலை அவதானிப்பாளராகிய ஆர்ற்றெமியெவ் கருவிகளை எடுத்துக் கொடுக்கவும், பொறிவல்லுநராகிய ரெப்லின்ஸ்கி கண்ணாடியும் விளக்கும் பிடிக்கவும் ஏற்பாடாயிற்று. இருவருள் ஒருவர் மயங்கி விழுந்தால் அவ்விடத்தில் நிற்றற்கென்று நிலையத் தலைவர் கெர்போவிச் ஒதுங்கி நின்றார். மூவரும் வைத்தியம் அறியாதவர். கைகழுவுவது எப்படி, கருவிகளின் பெயர் யாவை என்று நோயாளியே படுத்தவாறு பாடம் நடத்தினார். தாம் நினைவிழந்தால் எம்மருந்தை ஊசியேற்றுவது, எவ்வாறு சுவாசங் கொடுப்பது என்பதையும் கற்பித்தார். ஆசிரியத் தொழில் செய்வோர்க்கு இதிலும் கடினமான வகுப்பு ஒன்றை எண்ணிப் பார்த்தல் அரிது.

வயிற்றின் தோலை மரக்கச் செய்யும் ஊசியைத் தாமே ஏற்றிக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு சதமமீற்றர் நீளத்துக்குக் கீறினார். கண்ணாடியோ வலத்தை இடமாக்கிக் காட்டிற்று; ஆதலாற் கையுறையைக் களைந்துவிட்டுப் பெரும்பாலும் விரலின் தொடுகையாலேயே தேடினார். உள்ளே செல்லும்போது குடலிற் காயம் பட்டுவிட்டது. அதனையுங் கண்டு தைத்தார். அரைமணி நேரத்துக்குப்பின் தலை சுற்றத் தொடங்கியது. நாலைந்து நிமிடத்துக்கொருமுறை இருபது வினாடி ஓய்ந்து, மீண்டும் தொடங்கினார். அடியிலே கரும்புள்ளி விழுந்த குடல்வளரி கையில் வந்தது. இன்னும் ஒரு நாள் சென்றிருந்தால் வெடித்திருக்கும் என்று மதிப்பிட்டார். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கடைசித் தையலும் முடிந்தது. பின்னர், கருவிகளைக் கழுவி அறையைத் துப்புரவாக்கும் முறையைத் தோழர்க்குச் சொல்லிவிட்டே உறக்க மாத்திரையை விழுங்கினார். ஏழாம் நாள் தையல் வெட்டப்பட்டது. இரு வாரத்தில் வழக்கமான வேலைக்குத் திரும்பினார். அவர் இறந்தது 2000ஆம் ஆண்டில்.

உலகம் றொகோசொவின் துணிவைப் பேசியது, பேசவேண்டியதே. நமக்கோ அவ்விரவின் படத்தை நினைக்குந்தோறும் விளக்குப் பிடித்த கையே முன்னிற்கின்றது. முகம் வெளுத்துத் தளர்ந்தும் அவர்கள் விழாது நின்றனர். பணிவிடைக்காரனுக்குரிய பண்புகளாகப் பரிமேலழகர் நோயாளிமேல் அன்பையும், சொன்னதைச் சொன்னவாறே செய்யும் வன்மையையும் கூறியது இத்தகையோரை நோக்கியே போலும். எமது சொந்தச் சிகிச்சையிலும் வைத்தியர் முகம் இன்று நினைவில் இல்லை. மயக்கம் வருமுன்னர் எமது முன்கையைப் பற்றியிருந்த சிற்றூழியர் ஒருவரின் கைச்சூடு மாத்திரம் நினைவிலுண்டு.

அருகு நின்றவர் வைத்தியருக்கே வழிகாட்டிய வரலாறும் உண்டு. விவியன் தோமஸ் 1910இற் பிறந்த கறுப்பின அமெரிக்கர். தச்சுத்தொழில் செய்து வைத்தியக் கல்விக்கெனப் பணம் சேர்த்தவர். பொருளாதார வீழ்ச்சியில் வங்கி முறியச் சேமிப்பும் போயிற்று. 1930இல் அல்பிறட் பிளலொக் என்னும் சத்திரவைத்தியரின் ஆய்வுகூடத்திலே உதவியாளராய்ச் சேர்ந்தார். 1941இல் அவருடன் போல்ற்றிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலைக்குச் சென்றார். வேலையோ ஆராய்ச்சி, சம்பளப் பட்டியலிலே அவருக்கு நேரே எழுதப்பட்டிருந்ததோ துப்புரவுத் தொழிலாளர் தரம்.

இருதயத்திலே பிறவிக் குறையிருந்தமையால் நுரையீரலுக்குப் போதிய இரத்தம் செல்லாது உதடும் நகமும் நீலம் பாரிக்கும் குழந்தைகளைக் காக்க வழியுண்டோ என ஹெலன் ரவுசிக் என்னும் பெண் வைத்தியர் வினவினார். கைக்குச் செல்லும் நாடியைத் திருப்பி நுரையீரல் நாடியோடு இணைக்கலாம் என்பது கண்ட வழி. அதனை நாய்களிலே இருநூறளவு முறை செய்து பார்த்துச் செம்மைப்படுத்தியவரும், குழந்தையின் மெல்லிய நாடிக்கேற்ற ஊசியையும் பிடிகருவியையும் அமைத்தவரும் தோமஸ். 1944 நவம்பர் 29ஆம் நாள் எயிலின் சக்சன் என்னும், ஐந்து கிலோகிராமும் நிறையில்லாத குழந்தை மேசையிற் கிடத்தப்பட்டபோது, பிளலொக் தோமசை அழைப்பித்துத் தமது தோளின் பின்னே ஒரு சிறு மணைமேல் நிற்கச் செய்தார். இத்தையல் சரியா, இவ்வளவு நெருக்கம் போதுமா என்று கேட்டுக் கேட்டே அப்பேரறிஞர் வேலை செய்தார். அக்குழந்தை சில மாதங்களே பின்னர் வாழ்ந்தது. ஆனால் அடுத்தடுத்துச் சிகிச்சை பெற்ற பிள்ளைகள் தேறினர். மூன்றாவதாக வந்த சிறுவனின் உதடுகள் மேசையிலேயே செந்நிறமாய் மாறக் கண்டனர். 1945இல் வெளியான முதற் கட்டுரையிலே தோமசின் பெயர் ஓரிடத்திலேனும் இல்லை. முப்பத்தொரு ஆண்டுக்குப்பின், 1976இல், அப்பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது. வைத்தியப் பட்டமன்று, சட்டப் பட்டம். கேட்போர் நகைப்பதா வருந்துவதா? அதற்குமுன்னே அவர் பயிற்றிய இளம் சத்திரவைத்தியர் பலர் அமெரிக்கா எங்கும் பெயர்பெற்று விளங்கினர்.

இதுகாறுங் கூறியவரெல்லாம் வள்ளுவர் எண்ணிய நால்வருள் அடங்குவர். அவ்வெண்ணில் அடங்காத ஐந்தாமவர் ஒருவர் இருபதாம் நூற்றாண்டிலே மேசைக்கு வந்தார். அவர் நோயற்றவர், பிறர் பொருட்டுத் தம் நல்லுடம்பிற் கத்திபட இசைந்தவர்.

1954 மார்ச் 26ஆம் நாள் மினசோட்டாப் பல்கலைக்கழக வைத்தியசாலையிலே வால்ற்றன் லில்லிகை என்பவர், ஒரு வயதுக் குழந்தையின் இருதயத்துத் துவாரத்தை அடைக்கும்பொருட்டு, அக்குழந்தையின் இரத்தக் குழாய்களைத் தந்தையின் குழாய்களோடு இணைத்தார். மகன் இருதயம் திறந்திருக்க, தந்தையின் இருதயமும் நுரையீரலுமே இருவர்க்கும் உழைத்தன. ஒரே சிகிச்சையில் இருவர் சாகலாம் என்று உடன்தொழிலாளரே அஞ்சினர். துவாரம் அடைபட்டது, எனினும் குழந்தை பதினொரு நாளின் பின் நுரையீரற் காய்ச்சலால் இறந்தது. அவ்வாறு சிகிச்சை பெற்ற நாற்பத்தைவருள் இருபத்தெண்மர் பிழைத்து வீடு சென்றனர். இரத்தம் ஓட்டிக்கொடுத்தவர் ஒருவரேனும் இறக்கவில்லை. இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் ஈடாக நிற்கும் பொறி நன்கு திருந்தியதும் இம்முறை வழக்கொழிந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் பொஸ்ரனிலே நிகழ்ந்ததோ இன்றளவும் நிலைத்திருக்கின்றது. றிச்சாட் ஹெறிக் என்பவருக்கு இரு சிறுநீரகங்களும் பழுதுற்று மரணம் அணுகிற்று. றொனால்ட் அவருடைய இரட்டைச் சகோதரர். பிறருறுப்பை உடம்பு ஏலாது என்பது தெரிந்ததே. ஒத்த இரட்டையராயின் ஏற்கக்கூடும் என ஜோசப் மறே என்னும் வைத்தியரும் அவருடைய குழுவினரும் எண்ணினர். ஒருவர் தோலை மற்றவர்க்கு ஒட்டிப் பார்த்தனர், விரலடையாளத்தையும் ஒப்பிட்டனர். ஆயினும் அவர்களை உறங்கவிடாத வினா வேறு. நோயற்றவனுக்கு ஊறு செய்யலாகாது என்பது வைத்தியரின் பழைய நெறி. றொனால்டுக்கு இச்சிகிச்சையினால் ஒரு நன்மையும் இல்லை; ஆபத்து மாத்திரம் உண்டு. சமயத் தலைவர்களோடும் சட்ட அறிஞரோடும் கலந்தனர். இரட்டையரிடமும் எல்லாவற்றையும் எடுத்துரைத்தனர். பின்னர் தமக்கு ஏதும் நேரின் வைத்தியசாலை வாழ்நாள் முழுதும் தம்மைப் பார்க்குமா என றொனால்ட் வினவினார். வைத்தியசாலையின் பேரில் வாக்குக் கொடுக்க இயலாத வைத்தியர், இங்கே இருப்போருள் எவரேனும் உம்மைக் கைவிடுவார் என்று நினைக்கின்றீரா என்று திருப்பிக் கேட்டாராம். ஒப்பப் பத்திரங்கள் எத்தனையோ அச்சிடப்பட்டுள்ளன. இவ்விரு வினாக்களுக்குள் அடங்காத எதுவும் அவற்றில் இல்லை என்பது எம் கருத்து.

சிகிச்சை ஐந்தரை மணி நேரம் சென்றது. புதிய சிறுநீரகத்தில் இரத்தம் பாய்ந்ததும் அது சிவந்து வேலை செய்யத் தொடங்கிற்று. றிச்சாட் தம்மைப் பேணிய தாதியையே மணந்து, மக்களைப் பெற்று, எட்டாண்டு வாழ்ந்து 1963இல் மறைந்தார். மறே 1990இல் நோபல் பரிசு பெற்றார். சிகிச்சைக்கு முந்திய இரவு, மனம் பொறாத றிச்சாட் ஒரு சிறு குறிப்பெழுதி, இவ்விடத்தை விட்டு வீட்டுக்குப் போய்விடு என்று சகோதரருக்கு அனுப்பினார். வந்துவிட்டேன், இங்கேயே இருப்பேன் என்று றொனால்ட் மறுமொழி எழுதி அனுப்பினார். எஞ்சிய ஒரு சிறுநீரகத்தோடு அதன்பின் ஐம்பத்தாறு ஆண்டு வாழ்ந்து, 2010 டிசம்பரில் தமது எழுபத்தொன்பதாம் வயதில் அவர் காலமானார். நெடுங்காலம் அவர் பாடசாலையிற் கணிதம் கற்பித்தவர்.